எலும்புப் பெட்டிக்கு இடமில்லாத வீடு

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராக இருந்த காலத்தில் அவர் அரைக்கால் சட்டை போட்ட பையன். இப்போது அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம், இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு பை நிறையப் பூவோடு வந்தார். மூத்த மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே அவளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

காபி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு ரோசனை கேக்கணும் அய்யா. பாப்பாவ ஆஸ்டல்ல விடலாமா, இல்ல வீட்டுல இருந்தே பஸ்ஸுல போய்ட்டு வரட்டுமா? அவ அம்மா ஆஸ்டலே வேணாங்குறா. ஒரு மணி நேரம்தான அய்யா பஸ்ஸு?"

"வீட்டில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க தம்பி?"

"மூணு மணிக்கு அய்யா. பூவு மொட்டா இருக்கையிலயே பறிக்கணும்ல. தலையில லைட்டக் கட்டிக்கிட்டு எல்லாரும் எறங்கிருவோம்."

"பாப்பாவுமா?"

"அவதான் அய்யா எங்க எல்லாரையும் விட வேகமாப் பறிப்பா."

பெருமையோடுதான் சொன்னார். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க, சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். விடுதியா, வீடா, வாடகை அறையா என்ற இந்தக் கேள்வி ஒரு மருத்துவ மாணவனின் மார்க்கை என்ன செய்யும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த சங்கதி இல்லை. அதற்காக ஒரு தடவை நான் பெயிலாகியிருக்கிறேன். அந்தக் கதையையும், அதற்கு முந்தைய சில பெரியவர்களின் கதையையும் எழுதிப் பார்த்தால் எனக்கே தெளிவு கிடைக்கும் என்று தோன்றியது.

நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1971-ல். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டமே இல்லை. மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா. மாவட்டம் பிரிந்தது 1985 செப்டம்பரில்தான். எங்கள் ஊர் வேடசந்தூர்ப் பக்கத்து வறண்ட பூமி. அப்பாவுக்குக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் நிலக்கடலை, இல்லாவிட்டால் வானம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது. அரசுக் கல்லூரிச் சம்பளம் பெரிய தொகை இல்லை. விடுதியின் மெஸ் பில்தான் அவரைப் பயமுறுத்தியது. மாதச் செலவு மொத்தத்தையும் மாணவர்கள் தலைக்கு இத்தனை என்று பங்கு போட்டுக் கட்டும் டிவைடிங் முறை. எந்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "சொந்தக்காரன் வீடு அந்த ஊர்லயே இருக்கும்போது ஆஸ்டலுக்கு எதுக்குடா காசு?" என்றார். தூரத்து மாமா ஒருவர் வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார்.

அவர்கள் மோசமான மனிதர்கள் இல்லை. ஒன்றரை வருஷம் ஒரு பைசா வாங்காமல் சோறு போட்டார்கள். ஆனால் சும்மா சாப்பிடுகிறவனுக்கு மற்றவர் வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. விடிகாலையில் அடிபம்பில் நான்கு குடம் தண்ணீர். ரேஷன் கடை வரிசை. மாமாவின் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் கரண்ட் பில். இதையெல்லாம் கூடச் சமாளித்திருப்பேன். என்னைக் கவிழ்த்தது எலும்பு.

அந்தக் காலத்தில் முதல் ஒன்றரை வருஷம் உடற்கூறு, உடலியங்கியல் பாடங்கள். உடற்கூறு படிக்கிற ஒவ்வொருவனுக்கும் நிஜ மனித எலும்புகள் வேண்டும். சீனியரிடமிருந்து பழைய செட்டை விலைக்கு வாங்குவோம். அவர் அவருடைய சீனியரிடம் வாங்கியிருப்பார். நானும் ஒரு அரை செட்டை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெட்டியில் என்ன என்று அத்தை கேட்டார். திறந்து காட்டினேன். எனக்கு அப்போது விவரம் போதவில்லை.

"பொணத்தோட எலும்பையா வீட்டுக்குள்ள கொண்டாந்துருக்க? வெளிய வைடா மொதல்ல!"

அன்றைக்கு அத்தை வீடு முழுக்கக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டினார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பூஜை அறை இருக்கிற வீடு, வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. எங்கள் அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுத்து வைத்தேன். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததும் அவரும் கையெடுத்துக் கும்பிட்டு விட்டார். கடைசியில் விடுதியில் இருந்த நண்பனின் கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது. கல்லூரி முடிந்ததும் அவன் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாமா வீட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

விடுதிப் பையன்கள் ராத்திரியில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். தலையணை உறைக்குள் எலும்புகளைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எடுத்து, இது எந்த எலும்பு, வலதா இடதா என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் மறுநாள் டீ வாங்கித் தர வேண்டும். இப்படியே மூன்று மாதத்தில் அவர்களுக்கு அது விரலில் ஏறிவிட்டது. எனக்கு அது நோட்டில் மட்டும் இருந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் என் கையில் ஒரு காறை எலும்பைக் கொடுத்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும், இது முதல் வாரத்துக் கேள்வி. நான் வலது என்றேன். அவர் பேசாமல் என்னையே பார்த்தார். உடனே இடது என்றேன். அதோடு முடிந்தது. ஆறு மாதம் பின்தங்கி, அடிஷனல் பேட்ச் என்ற பெயரோடு உட்கார்ந்தேன். அப்பா இரண்டு ஆட்டை விற்று என்னை விடுதியில் சேர்த்தார். அடுத்த தடவை தேறினேன். மூளை அதே மூளைதான். அந்த ஆறு மாதத்தில் மாறியது பெட்டி இருந்த இடமும், அதன் பக்கத்தில் நான் இருந்த நேரமும்தான்.

எனக்கு முந்தைய தலைமுறைக்கு இந்த வசதியும் கிடையாது. மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1954-ல். அதற்கு முன்னால் நம் திண்டுக்கல் சமவெளியில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ டாக்டர் ஆசை வந்தால் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலூர். சென்னை என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கே உறவு வேண்டும், அல்லது பணம் வேண்டும். பெண்ணாக இருந்தால் இரண்டும் இருந்தும் போதாது. யார் வீட்டில், யார் பொறுப்பில் தங்குவாள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பரீட்சையைப் பற்றிய பேச்சே எழும்.

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததால் நம் மாவட்டமே பயனடைந்த கதை ஒன்று உண்டு. சின்னாளபட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: டாக்டர் சௌந்தரம் அம்மா.

டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள் அவர். பிறந்தது 1904-ல். சிறு வயதிலேயே திருமணம். கணவர் சௌந்தரராஜனும் ஒரு டாக்டர். மதுரையில் பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அந்த நோய் தொற்றியே இறந்துபோனார். அந்தக் காலத்தில், அந்தக் குடும்பங்களில், இளம் விதவைக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். ஆனால் சௌந்தரத்தைப் படிக்க வைக்கப் பெற்றோர் முடிவு செய்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி. மதுரையிலிருந்து டெல்லி!

பக்கத்தில் சென்னையை வைத்துக்கொண்டு ஏன் அவ்வளவு தூரம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. அந்தக் கல்லூரியின் வரலாற்றைப் பார்த்த பிறகு ஓரளவு புரிந்தது. 1916-ல் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரி பெண்களுக்காகவே கட்டப்பட்டது. ஒரே வளாகத்துக்குள் வகுப்பு, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை, மாணவியர் விடுதி என்று எல்லாம் இருந்தன. ஆண்களோடு கலந்து படிக்கவும், தனியாக அறை எடுத்துத் தங்கவும் வீட்டார் அனுப்பாத பெண்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம் அது. காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளேயே ஒரு கட்டிலும் இருக்கிறது என்பதுதான் பல தகப்பன்மார்களைச் சம்மதிக்க வைத்தது. சென்னையில் நல்ல கல்லூரி இருந்தும், இந்தியாவின் பல மூலைகளிலிருந்து பெண்கள் டெல்லிக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர் சுசீலா நய்யார், பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சர். அந்த நட்பு வழியாகவே சௌந்தரம் காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்தார். 1936-ல், 32 வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. காந்திகிராமம் அதோடு வளர்ந்தது. 1952-ல் ஆத்தூர்த் தொகுதிக்கும், 1957-ல் வேடசந்தூருக்கும் சட்டமன்ற உறுப்பினர், 1962-ல் திண்டுக்கல்லுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் என்று அந்தம்மா நம் பக்கமே தங்கிவிட்டார். நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே பிரசவமாகிப் பிள்ளையும் கையுமாக வீடு திரும்பினார்கள். அதற்கு வேர் எங்கே என்று தேடினால், டெல்லியில் ஒரு பெண் கவலையில்லாமல் தங்கிப் படிக்கக் கிடைத்த இடத்தில் போய் நிற்கிறது.

வேலூர்க் கதை இன்னும் தெளிவானது. ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பட்டம் அல்ல, எல்.எம்.பி. என்ற பட்டயம். முதல் வருஷமே 151 பேர் விண்ணப்பித்தார்களாம். சொந்தக் கட்டடம் கூட அப்போது இல்லை. வாடகை வீட்டில்தான் பள்ளி. மாணவிகள் கூடவே தங்கி, ஆசிரியர்களின் கண் பார்வையிலேயே படித்தார்கள். மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி, ஆண்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பெண்கள் தேறாவிட்டால் மனம் தளராதீர்கள் என்று ஐடாவுக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார். முதலாண்டுத் தேர்வு எழுதிய பெண்கள் 14 பேர். தேறியதும் 14 பேர்.

பெண்கள் ஆண்களை விடப் புத்திசாலிகள் என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். எங்கள் வீட்டம்மா அப்படித்தான் சொல்வார். பொறுக்கி எடுத்த மாணவிகள், விடாத ஆசிரியர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் எனக்குத் தோன்றுவது இது: சாப்பாடு எங்கே, படுக்கை எங்கே என்று அலையாமல், ஒரே பாடத்தைப் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தியும் படித்துக்கொண்டிருக்க, சந்தேகம் வந்தால் கேட்க ஆசிரியர் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்த 14 பேர் படித்தார்கள். வெளியே ஐந்து பேரில் தவறிய நான்கு பேரில் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கும்? மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் வழக்கத்தை வேலூர் பிற்பாடும் விடவில்லை. 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்து, 1947-ல் ஆண்களைச் சேர்த்த பிறகும் அது தொடர்ந்தது. ஐடா அம்மையார் கடைசிக் காலத்தைக் கழித்தது நம் கொடைக்கானலில். 1960-ல் அங்கேதான் காலமானார் என்பது நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரியாத செய்தி.

இடம் கிடைத்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காதவர்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்தவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய காலத்தில், அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க ஆசைப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்குச் சென்னையில் விடுதி தேடினார். பிராமணப் பெண்களுக்கு விடுதி இருந்தது. பிராமணரல்லாத பெண்களுக்கும் இருந்தது. இந்தக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளத்தான் எந்த விடுதியும் முன்வரவில்லை. அதனால் அவர் தாமே தொடங்கியதுதான் அவ்வை இல்லம். 1930-களின் தொடக்கத்தில் இருந்து இன்று வரை நடக்கிறது. பள்ளிக்கூடம் கதவைத் திறந்தாலும், தங்குகிற வீடு கதவைச் சாத்தினால் படிப்பு வாசலிலேயே நின்றுவிடும் என்று அந்த டாக்டருக்குப் புரிந்திருந்தது.

இதுவரை படித்தவர்கள், "சரி, விடுதிதான் நல்லது என்கிறீர்" என்று நினைப்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை.

விடுதியில் என் அறையில் இருந்தவன் அவன் பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தவன். என்னை விடப் பல மடங்கு கெட்டிக்காரன். ஆனால் விடுதி அவனுக்குச் சேரவில்லை. பதினேழு வயது வரை அம்மா எழுப்பி எழுந்தவனுக்கு, எழுப்ப ஆளில்லாத இடம் சுதந்திரமாகத் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் செகண்ட் ஷோ. சீட்டுக் கச்சேரி. காலை டிபன் நேரம் முடிந்த பிறகு எழுந்து, வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போவான். நான் உள்ளே வந்து தேறிய அதே விடுதியில் அவன் இரண்டு தடவை தவறினான். அவன் அம்மா கணவனை இழந்தவர். ஊரில் இருந்த இரண்டு மாட்டை விற்றுவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில் ஒற்றை அறை போர்ஷன் எடுத்தார். மகனுக்குச் சமைத்துப் போட்டார். பக்கத்து வீடுகளுக்கு இட்லி சுட்டு விற்று வாடகை கட்டினார். அவனும் தேறினான், பிற்காலத்தில் நல்ல சர்ஜன் என்று பெயரெடுத்தான். எனக்கு வீடு கெடுத்தது, விடுதி கொடுத்தது. அவனுக்கு அப்படியே நேர்மாறு.

விடுதிக்கு இன்னும் இருண்ட பக்கமும் உண்டு. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி விடுதியில், முதலாண்டு மாணவர் ஒருவர் சீனியர் மாணவரால் கொல்லப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. பிள்ளையை விடுதிக்கு அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அதன் பிறகுதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. எங்கள் காலத்தில் ராகிங் என்பது 'விளையாட்டு' என்றே பேசப்பட்டது. நானும் சீனியராக இருந்தபோது நான்கு பேரை வரிசையில் நிற்க வைத்துப் பாடச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பையன் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பல வருஷம் கழித்துச் சொன்னான். மறுநாள் அவனுக்கு உடலியங்கியல் டெஸ்ட். அவன் அன்றைக்கு இழந்த மார்க்கு என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மொத்தம் 1,450 இடங்கள். அதில் திண்டுக்கல்லுக்கு 150. ஒரு காலத்தில் சென்னை வரை போக வேண்டியிருந்த படிப்பு, 1954-ல் மதுரைக்கு, அதாவது 60 கிலோமீட்டருக்கு வந்து, இன்று டவுன் பஸ் தூரத்துக்கு வந்துவிட்டது. நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை என்று எந்தப் பக்கத்திலிருந்தும் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நல்ல காலம்தான். ஆனால் நிலக்கோட்டைக்காரர் கேட்ட கேள்வி பிறந்ததே இந்த வசதியால்தான். தூரமாக இருந்தபோது விடுதி தவிர வேறு வழி இல்லை. கிட்ட வந்த பிறகு, வீட்டிலிருந்தே போய் வரலாமே என்று தோன்றுகிறது.

தங்கும் செலவும் படிப்புச் செலவில் ஒரு பங்கு என்பதை அரசாங்கமே ஒரு தடவை பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் 2020-ல் வந்தது. முதல் கலந்தாய்விலேயே, தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் பணம் கட்ட வழியில்லாமல் இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அதைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே நவம்பர் மாதம், இவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கல்விக் கட்டணத்தோடு நிறுத்தாமல் விடுதியையும் சேர்த்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் பழைய விதியிலும், மொத்த மாணவர்களில் 75 சதவீதம் பேருக்காவது கல்லூரி விடுதியில் இடம் இருக்க வேண்டும் என்று இருந்தது. எழுதியவர்கள் விவரம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

விடுதியா வீடா என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது என்றே என் ஐம்பது வருஷ அனுபவத்தில் தோன்றுகிறது. பெயரை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது, தூக்கம். மருத்துவப் பாடம் மனப்பாடம் மட்டுமில்லை. பகலில் பார்த்தது ராத்திரித் தூக்கத்தில்தான் மனதில் படிகிறது. மூன்று மணிக்கு எழுந்து பூப் பறித்து, ஏழு மணிக்குப் பஸ் ஏறுகிற பெண் பஸ்ஸில் தூங்கலாம், வகுப்பிலும் தூங்கிப் போவாள். இரண்டாவது, சாயங்காலம் யாருடையது என்பது. மாமா வீட்டில் என் சாயங்காலம் மாமாவுடையது. விடுதியில் என் நண்பனின் சாயங்காலம் சினிமாக் கொட்டகையுடையது. இரண்டும் நஷ்டமே. மூன்றாவது, அதே பாடத்தோடு மல்லுக்கட்டுகிற இன்னொருவன் பக்கத்தில் இருக்கிறானா என்பது. தனியாகப் படித்து டாக்டரானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் நிலக்கோட்டைக்காரருக்குப் போன் செய்தேன். "தம்பி, முதல் வருஷம் மட்டுமாவது பாப்பாவை ஆஸ்டலில் விடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் பூப் பறிக்கட்டும். அவளுக்கு ஒத்துவரவில்லை என்று அவளே சொன்னால் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வீட்டிலிருந்து போவதாக இருந்தால், மூணு மணிக்கு எழுப்பக் கூடாது. அது உங்களால் முடியுமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒரு கை குறைந்தால் பறிப்புக்குக் கூலி ஆள் வைக்க வேண்டும். அந்தக் கணக்குத்தான் அவர் மனதில் ஓடியிருக்கும். அப்புறம், "முடியாது அய்யா" என்றார். "வீட்டுல இருந்தா எழுப்பிருவோம்." அந்த நேர்மைக்காகவே அவரைக் கும்பிடலாம். இப்போது அந்தப் பெண் விடுதியில் இருக்கிறாள்.

கடைசியாக, நம் ஊரில் வீடு வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு, நம்மில் பல பேர் வீட்டில் மாடி பூட்டிக் கிடக்கிறது. விடுதி ஒத்துவராத மாணவன் ஒருவன், அவன் அம்மாவோடு, வாடகைக்குக் கேட்டு வருவான். வந்தால், எந்த ஊர், எந்தத் தெரு என்று குடைந்து கேட்டுவிட்டு, 'வீடு காலியில்லை' என்று சொல்லி அனுப்பாதீர்கள். என் கூடப் படித்த ஒருவன் அந்த பதிலைப் பதினோரு வீட்டில் கேட்டுவிட்டு வந்து என் அறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தான். நாளைக்கு நமக்கு நெஞ்சு வலிக்கும்போது ஓடி வரப் போகிறவன் அவனாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், அவன் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தால் திறந்து பார்க்காதீர்கள். மாடியில் ஒரு மூலையில் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.